துப்பாக்கிக் குண்டுக்குச் சாயாதவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மூன்று படங்கள் உண்டு. முதலில் வள்ளி தெய்வானையோடு முருகப்பெருமான். அடுத்து இலட்சுமி. மூன்றாவது படத்தில் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஒருவர் கைகூப்பி நிற்பார். வெள்ளிக்கிழமைதோறும் பாட்டி மூன்று படங்களுக்கும் பொட்டு வைப்பார். பள்ளிக்கூடம் போகும் வரையில் மூன்றாமவரும் ஒரு சாமி என்றே நான் எண்ணியிருந்தேன். அந்தப் படத்தை வாங்கி மாட்டியவர் என் தாத்தா. பாலக்கோட்டுப் பக்கம் மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் அவரையும் விளைவித்தவர். டூரிங் டாக்கீஸில் படம் மாறினால் எட்டு மைல் நடந்து போய் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நிலா வெளிச்சத்தில் திரும்பி வந்தவர்.

நண்பர்களே, அந்த மூன்றாமவரை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். என்றால் போதும். அவருடைய நடிப்பைப் பற்றி எழுத நம் தமிழ்த்துறை நண்பர்கள் இருக்கிறார்கள். ஆட்சியைப் பற்றி எழுத வரலாற்றுத் துறையினர் இருக்கிறார்கள். வேதியியல் படிக்கும் நான் எழுத முனைந்திருப்பது அவருடைய சிறுநீரகங்களைப் பற்றி. சிரிக்காதீர்கள். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் 1917 ஜனவரி 17ஆம் நாள் இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். தாயார் சத்தியபாமா, மூத்தவர் சக்கரபாணியையும் இளையவர் இராமச்சந்திரனையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். ஆனையடிப் பள்ளியில் சேர்த்தார். ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தால்தானே ஏட்டைப் பிரிக்க முடியும்! தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். நடிக்கும் ஆசையைவிட, வேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதே அந்தக் காலத்தில் பிள்ளைகள் கம்பெனிக்குப் போன காரணம்.

1936ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் சதிலீலாவதி என்ற படம் வெளிவந்தது. அதில் போலீஸ் இன்ஸ்பெக்டராக ஒரு சிறு வேடம் ஏற்றுத் திரையில் முதன்முதலாகத் தோன்றினார் இராமச்சந்திரன். அப்போது வயது 19. இந்த 1936ஆம் ஆண்டை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். படத்தின் பெயரையும் கூடத்தான்.

கதாநாயகனாக அவர் உயர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. 1947இல் ராஜகுமாரி, 1954இல் மலைக்கள்ளன், 1958இல் அவரே தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் என்று ஏணி மேலே போயிற்று. அக்கதைகளை எல்லாம் இங்கே விரிக்கவில்லை. அவருடைய உடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புகையும் மதுவும் தொடாதவர் என்று பெயர் பெற்றவர். உடற்பயிற்சியை நாள் தவறாமல் செய்தவர். சிலம்பமும் வாள்வீச்சும் கற்றவர். 1959இல் சீர்காழியில் நாடக மேடையில் சண்டைக் காட்சியின்போது கால் எலும்பு முறிந்தது. இனி ஓடி ஆடி நடிக்க முடியாது என்று பலர் பேசிக்கொண்டார்கள். சில மாதங்களில் மீண்டும் சண்டை போட்டார்.

1967 ஜனவரி 12ஆம் நாள் இராமாவரம் தோட்டத்தில் அவர் சுடப்பட்டார். குண்டு காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் முன்போல் இல்லை. அடுத்த மாதம் பொதுத்தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் வேட்பாளரான அவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே வெற்றி பெற்றார். கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படத்தைச் சுவரொட்டியில் பார்த்துத்தான் தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் இரட்டைக் கரை வேட்டிக்கு மாறினார்களாம். 1972இல் தனிக்கட்சி கண்டார். 1977 ஜூன் 30ஆம் நாள் முதலமைச்சர் ஆனார்.

1982 ஜூலை 1ஆம் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தாம் கும்பகோணத்தில் கண்ட பசியின் நினைவே அதற்கு வித்து என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். என் அம்மா அந்த வரிசையில் தட்டேந்தி நின்ற பிள்ளைகளில் ஒருவர். எட்டாம் வகுப்பு வரை படித்தார். சோறு இல்லாதிருந்தால் மூன்றாம் வகுப்போடு நின்றிருப்பேன் என்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் படிகளில் ஒரு படி அந்தத் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி 1936க்குத் திரும்புவோம். சதிலீலாவதி ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், கடல் கடந்து அமெரிக்காவில் இருவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டனர். ஒருவர் ஜெர்மனியில் பிறந்த பால் கிம்மெல்ஸ்டீல், மற்றவர் இங்கிலாந்து நாட்டவர் கிளிஃபர்ட் வில்சன். இறந்துபோன நோயாளிகளின் சிறுநீரகங்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் வடிகட்டும் இரத்தக்குழல் முடிச்சுகளுக்குள் உருண்டை உருண்டையாகக் கெட்டிப் பொருள் படிந்திருந்தது. அச்சிறுநீரகங்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் நீரிழிவு நோயாளிகள். அதற்கு முன் நீரிழிவு நோயர்கள் சிறுநீரகம் கெடும் அளவுக்கு நெடுநாள் வாழ்ந்ததே அரிது. இன்சுலின் வந்தது 1921, 1922ஆம் ஆண்டுகளில்தான். அது உயிரைக் காத்தது. காத்த பிறகு, உள்ளே மெதுவாக நடந்துகொண்டிருந்த வேறொன்று கண்ணில் பட்டது.

அந்த வேறொன்று என்ன? நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் தலைமுடியினும் மெல்லிய இரத்தக்குழல்கள் நூற்கண்டுபோல் சுருண்டிருக்கும். அதுதான் வடிகட்டி. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவைத்தான் வெளியேற்றுகின்றன. நம் ஊர் சொசைட்டியில் ஒரு நாளைக்கு ஊற்றும் பாலை நினைத்துக்கொண்டால் இந்த உழைப்பின் அளவு விளங்கும்.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது சும்மா இருப்பதில்லை. புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வடிகட்டிக்குள் நுழையும் இரத்தக்குழலை விரியச் செய்து உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. தொடக்க ஆண்டுகளில் நீரிழிவு நோயரின் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிக்கும்! கூலி உயர்த்தாமல் இரட்டை வேலை வாங்கப்படும் ஆளைப்போல அது ஓடுகிறது. பிறகு வடிகட்டியின் சுவர் தடிக்கிறது, இடைத்திசு பெருகுகிறது, சுவரின் நுண்துளைகள் பழுதாகின்றன. வெளியே போகக்கூடாத ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் மிஞ்சிய வடிகட்டிகளையும் தாக்குகிறது. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு என்று இது நடக்கும். இத்தனைக்கும் வலி கிடையாது. காலில் முள் குத்தினால் கத்துகிற உடம்பு, பாதிச் சிறுநீரகம் போனாலும் முனகுவதில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருப்பதாக அறிக்கை வரும்போது ஏறக்குறைய பாதி வேலைத்திறன் போயிருக்கும்.

நீரிழிவு உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வருகிறது. யாருக்கு வரும் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வாள்வீசிய கைகளும் கட்டான உடலும் கொண்டவருக்கும் வந்தது.

1984 அக்டோபர் 5ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருத்துவமனை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நீரிழிவு கட்டுக்கடங்காமல் போனதால் சிறுநீரகங்கள் செயலிழந்தன என்பதை நாடு அறிந்தது. தொடர்ந்து பக்கவாதமும் தாக்கியது. இவை தனித்தனி வியாதிகளாகத் தோன்றும். ஆனால் நீரிழிவு சேதப்படுத்துவது இரத்தக்குழல்களை. கண்ணின் திரையில் உள்ளது, சிறுநீரகத்தில் உள்ளது, இதயத்துக்குப் போவது, மூளைக்குப் போவது என்று அதற்குப் பேதமில்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு இதயமும் மூளையும் கெடும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு அதிகம்.

அப்போலோவில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி. அவர் இதற்கு முன் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்தவர். அங்கே 1975 நவம்பரில் மற்றொரு பெரிய நோயாளி வந்து சேர்ந்தார். நெருக்கடி நிலையின்போது சிறைவைக்கப்பட்டு, சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில் விடுவிக்கப்பட்ட ஜெயப்பிரகாஷ் நாராயணன். அவரும் நீரிழிவு நோயாளிதான். எஞ்சிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகளையும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரத்தின் துணையோடுதான் அவர் கழித்தார். வடக்கே ஒரு தலைவர், தெற்கே ஒரு தலைவர், இருவரையும் பார்த்த மருத்துவர் ஒருவர்! இவரைப் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1984 நவம்பர் 5ஆம் நாள் மருத்துவமனைபோல் அமைக்கப்பட்ட தனி விமானத்தில் எம்.ஜி.ஆர். அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் டவுன்ஸ்டேட் மருத்துவமனை. அங்கே இருந்த டாக்டர் எலி ஃபிரீட்மன் நீரிழிவால் வரும் சிறுநீரக நோயையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். நீரிழிவு நோயருக்கு டயாலிசிஸ் செய்தும் பயனில்லை என்று பல மருத்துவர்கள் கைவிட்ட காலத்தில், அவர்களுக்கும் செய்ய வேண்டும் என்று வாதாடியவர். மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதென்று முடிவாயிற்று. உலகில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954இல் பாஸ்டனில் இரட்டையருக்கிடையே நடந்தது. நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடந்தது. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்காவில் 1983இல்தான் அனுமதி கிடைத்திருந்தது.

சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள். அவர் பெயர் லீலாவதி. திரையில் முதல் வாழ்வு தந்த படத்தின் பெயரும், மறுவாழ்வு தந்த மகளின் பெயரும் ஒன்றாக அமைந்ததை எந்தக் கதாசிரியர் எழுதியிருந்தாலும் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

டிசம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே டிசம்பர் 24இல் தமிழ்நாட்டில் தேர்தல். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஐயம் கிளப்பப்பட்டபோது, மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சி ஊர் ஊராகத் திரையிட்டுக் காட்டப்பட்டது. தாத்தா அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வார். ஆண்டிபட்டித் தொகுதியில் பிரச்சாரத்துக்கே வராமல் வெற்றி பெற்றார். இரண்டாம் முறையாக மருத்துவமனைக் கட்டிலிலிருந்து கிடைத்த வெற்றி அது. 1985 பிப்ரவரியில் நாடு திரும்பி மீண்டும் முதலமைச்சர் ஆனார்.

ஆனால் பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. வசனத்தால் வளர்ந்தவருக்கு இது எத்தகைய தண்டனை! சொற்கள் தடுமாறின. அப்படியும் கூட்டங்களுக்கு வந்தார், கோப்புகளைப் பார்த்தார், சிகிச்சைக்காக மீண்டும் அமெரிக்கா போய் வந்தார். 1987இல் எழுதிய உயிலில் தம் இராமாவரம் தோட்டத்து வீட்டைக் காது கேளாத, வாய் பேச இயலாத குழந்தைகளின் பள்ளிக்கென்று வைத்தார். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் கலங்க வைத்த செய்தி இதுவே. மற்றவர்கள் வேறொன்றைச் சொல்லக்கூடும். 1987 டிசம்பர் 24ஆம் நாள் அதிகாலையில் இதயம் நின்றது. பொருத்தப்பட்ட சிறுநீரகம் அவருக்கு மூன்று ஆண்டுகளைக் கொடுத்திருந்தது. அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளை இணைக்கும் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

இனி தாத்தாவின் கதை. தலைவர் இறந்த செய்தி கேட்டு மொட்டையடித்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் தலைவருக்கு வந்தது என்ன நோய் என்று அவரைக் கேட்டால் கிட்னி என்பார். எதனால் வந்தது என்றால், திருஷ்டி என்பார். தமக்கும் அதே சர்க்கரை இருக்கிறது என்று ஐம்பது வயதுக்கு மேல் தெரிந்தபோதும் இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. வலி இல்லாததால் மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. கேழ்வரகுக் களி தின்ற குடும்பம் மூன்று வேளையும் அரிசிக்கு மாறியிருந்த காலம் அது.

பிறகு ஓர் ஆண்டு, அவருடைய சர்க்கரை தானாகவே இறங்கியது. மாத்திரையைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார், அப்போதும் ஏறவில்லை. வீட்டில் பெரிய மகிழ்ச்சி. பாட்டி வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தார். நானும் இரண்டு கரண்டி தின்றேன். கல்லூரி நூலகத்தில் ஓர் உடலியல் நூலைப் புரட்டியபோதுதான் அந்த மகிழ்ச்சியின் பொருள் எனக்கு விளங்கியது. உடம்பிலுள்ள இன்சுலினின் ஒரு பங்கைச் சிதைத்து அப்புறப்படுத்துவது சிறுநீரகம். சிறுநீரகம் கெட்டால் இன்சுலின் நெடுநேரம் தங்குகிறது. அதனால் சர்க்கரை இறங்குகிறது. நோய் தீர்ந்தது என்று நாங்கள் பொங்கல் வைத்த நாளில் அவருடைய வடிகட்டிகளில் பெரும்பாலானவை மூடிவிட்டிருந்தன. சில மாதங்களில் கால் வீங்கியது, முகம் வெளுத்தது. வாரம் இருமுறை டயாலிசிஸுக்காகப் பேருந்தில் அழைத்துப் போனோம். நான் பத்தாம் வகுப்பு படிக்கையில் இறந்தார்.

டாக்டர் மணியைப் பற்றி மீண்டும் சொல்வேன் என்றேன் அல்லவா? இத்தனை பெரிய நோயாளிகளைப் பார்த்த அவர், டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் நம் நாட்டு ஏழைகள் அனைவருக்கும் எட்டாது என்று கண்டு, சென்னையில் ஓர் அறக்கட்டளை நிறுவி, அருகிலுள்ள கிராமங்களில் வேறு வழியை முயன்று பார்த்தார். ஊர்ப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் கையில் இருந்தவை இரத்த அழுத்தக் கருவியும் இரண்டு சோதனைகளும்தான். ஒன்று சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். மற்றொன்று ஆல்புமினுக்கு சல்ஃபோசாலிசிலிக் அமிலம். தெளிந்த சிறுநீரில் சில துளி விட்டால், புரதம் இருந்தால் பால் கலந்ததுபோல் கலங்கும். சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்களுக்கு மலிவான மாத்திரைகள் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். இதை வாசித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நம் ஆய்வகத்து அலமாரியில் இருக்கும் அதே நீல நிறப் புட்டி!

வேறு வழிகளும் பின்னால் வந்தன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு நோயரின் சிறுநீரகச் சிதைவை மெதுவாக்குகிறது என்று 1993இல் நிறுவப்பட்டது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் காக்கின்றன என்று 2019இல் தெரியவந்தது. பழைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வரும் ஏற்பாடு அது. எங்கள் தாத்தாவுக்கு அது பிந்தி வந்தது.

சென்ற பருவத்தில் பேராசிரியரிடம் அனுமதி பெற்று, ஒரு காலையில் அப்பாவின் சிறுநீரை மூடிய புட்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். அப்பா பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி வண்டி ஓட்டுகிறவர். வயது 46. தமக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்பவர். நண்பர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கியபோது நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி நின்றது. கை நடுங்கியது. அடுத்த குழாயில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கலங்கவில்லை.

இச்சோதனை மிகச் சிறு அளவு ஆல்புமினைக் காட்டாது. அதற்கு மருத்துவமனையில் நுண்ணிய சோதனை தனியே உண்டு. ஆகவே அடுத்த திங்கட்கிழமை அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். இரத்தத்தில் சர்க்கரை கூடுதல் என்று உறுதியாயிற்று. சிறுநீரகத்துக்கு இன்னும் பழுதில்லை என்றார்கள். மாத்திரை அட்டை இப்போது கூடத்தில், மூன்றாவது படத்துக்குக் கீழேயுள்ள பலகையில் இருக்கிறது. விடியற்காலையில் வண்டியை எடுக்கும் முன் அப்பா ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். அடுத்த சிறுநீர்ச் சோதனை பங்குனியில்.